அப்பாவின் 11,300 பாயின்ட்

கொஞ்ச நாளாகவே நண்பர்கள் சிலர் "எந்த கிரெடிட் கார்டுலே வாங்கலாம்? பாயின்ட் குடுக்கதா, கேஷ்பேக் குடுக்கதா?" என்று என்னிடம் கேட்கிறார்கள். பி.காம். மூன்றாம் வருடம் படிக்கிறவனுக்கு இதெல்லாம் தெரிந்திருக்கும் என்று ஒரு நம்பிக்கை. உண்மையைச் சொன்னால் என் பெயரில் கார்டே கிடையாது. பத்து பைசா வருமானம் இல்லாதவனுக்கு யார் கொடுப்பார்கள்? ஆனாலும் இந்த விஷயத்தில் நான் ஒரு மாதம் உட்கார்ந்து கணக்குப் போட்டிருக்கிறேன். பரீட்சைக்குக்கூட அவ்வளவு உட்கார்ந்ததில்லை. காரணம் எங்கள் அப்பாவின் டைரி.

எங்களுக்குச் சொந்த ஊர் கல்லிடைக்குறிச்சி. அப்பா ஒரு பள்ளிக்கூடத்தில் கிளார்க். நான் தினமும் செங்கோட்டை லைன் ரயிலில் திருநெல்வேலி வந்து படித்துவிட்டுப் போகிறவன். ஐந்து வருடத்துக்கு முன் ஒரு தீபாவளி சமயம், டவுனில் துணி எடுக்கப் போன இடத்தில், ஜவுளிக்கடை வாசலில் மேஜை போட்டு உட்கார்ந்திருந்த ஒரு பையன் அப்பாவைப் பிடித்துக்கொண்டான். "சார், கவர்ன்மென்ட் எய்டடா? உங்களுக்கு உடனே அப்ரூவ் ஆயிடும் சார். 100 ரூபாய்க்கு 2 பாயின்ட். சேர்ந்தவுடனே 500 பாயின்ட் ஃப்ரீ." எந்த பேங்க் என்று சொல்லப் போவதில்லை. சொல்லி என்ன ஆகப் போகிறது, எல்லா இடத்திலும் இதே மேஜை, இதே பையன்.

கார்டு வந்தது. அப்பா கிளார்க் அல்லவா, கணக்கு வைத்துக்கொள்ளாமல் இருக்க முடியாது. எல்.ஐ.சி. டைரியின் கடைசிப் பக்கங்களில் ஒவ்வொரு மாதமும் எவ்வளவு பாயின்ட் வந்தது என்று எழுதிக் கூட்டிக்கொண்டே வந்தார். பெட்ரோல், எல்.ஐ.சி. பிரீமியம், கரண்ட் பில், ஆன்லைனில் நாங்கள் வாங்குவது எல்லாம் சேர்ந்து மாதம் சராசரி 9,000 ரூபாய் கார்டில் போகும். 180 பாயின்ட். வருடத்துக்கு 2,160. ஐந்து வருடத்தில் 10,800. ஆரம்பத்தில் கொடுத்த 500-ஐயும் சேர்த்தால் 11,300.

அக்காவுக்கு ஆவணியில் நிச்சயம் ஆனது. தையில் கல்யாணம். வீட்டுக்கு வந்த அத்தையிடம் அப்பா பெருமையாகச் சொன்னார், "மிக்சிய பத்திக் கவலையில்ல. கார்டுல 11,000 ரூவாய்க்கு மேல பாயின்ட் கெடக்கு. நல்ல மிக்சியாவே எடுத்துருலாம்." அத்தை ஊரெல்லாம் சொல்லிவிட்டாள். சம்பந்தி வீடு வரைக்கும் போய்விட்டது.

பிறகுதான் என்னைக் கூப்பிட்டார். "ஏல, நீ பி.காம் தான படிக்க? இந்தப் பாயின்ட்ட எப்படி எடுக்கதுன்னு பாரு."

பார்த்தேன். வெப்சைட்டில் இருந்தது 6,480 பாயின்ட்தான். முதலில் ஏதோ தப்பு என்று நினைத்தேன். அப்புறம் விதிகளைத் தேடிப் படித்தால், ஒரு பாயின்ட்டின் ஆயுள் மூன்று வருடம். முதல் இரண்டு வருடத்துப் பாயின்ட்டும் வரவேற்புப் பாயின்ட்டும் சேர்த்து 4,820 பாயின்ட் சத்தமில்லாமல் காலாவதி ஆகியிருந்தது. ஒவ்வொரு மாத ஸ்டேட்மென்ட்டிலும் அது ஒரு வரியாக இருந்திருக்கிறது. அப்பா 'இந்த மாதம் சேர்ந்தது' என்ற கட்டத்தை மட்டும் பார்த்து எழுதிக்கொண்டே வந்திருக்கிறார்.

அது போகட்டும், மிச்சம் 6,480 ரூபாயா என்றால் அதுவும் இல்லை. ஒரு பாயின்ட் 25 பைசா. ஆக 1,620 ரூபாய். அதை எடுப்பதற்குக் கட்டணம் 99 ரூபாய், அதற்கு 18% ஜி.எஸ்.டி., மொத்தம் 117 ரூபாய். கைக்கு வருவது 1,503.

இத்தோடு நிறுத்தியிருக்கலாம். காமர்ஸ் புத்தி விடவில்லை. பழைய ஸ்டேட்மென்ட்டை எல்லாம் திறந்து பார்த்தேன். வருடக் கட்டணம் 499, ஜி.எஸ்.டி.யோடு 589. ஐந்து வருடத்துக்கு 2,945 ரூபாய் எடுத்திருக்கிறார்கள். அதாவது, 1,503 ரூபாய் பரிசு வாங்குவதற்கு அப்பா 2,945 ரூபாய் கட்டியிருக்கிறார். நான் ஒரு தாளில் எழுதிக் காட்டினேன். அப்பா ரொம்ப நேரம் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப மிக்சி?" என்று கேட்கவில்லை. "அத்த கிட்ட நீ எதும் சொல்லாத" என்றார். அவ்வளவுதான்.

அதுதான் எனக்கு உறைத்தது. காசு போனது பெரிதல்ல. இரண்டு ரூபாய் பஸ் டிக்கெட்டுக்குக்கூட கணக்கு எழுதுகிற மனிதர் ஐந்து வருடம் தப்பான கணக்கை எழுதியிருக்கிறார். அவருக்குக் கணக்குத் தெரியாமல் இல்லை. ரூபாயில் எழுதியிருந்தால் முதல் மாதமே கண்டுபிடித்திருப்பார். 180 பாயின்ட் என்று எழுதாமல் 45 ரூபாய் என்று எழுதியிருந்தால் அத்தையிடம் மிக்சி கதையே வந்திருக்காது. பாயின்ட் என்று ஒரு புது நாணயத்தை அச்சடித்துக் கையில் கொடுத்துவிட்டால், அது எவ்வளவு பெறும் என்பது அச்சடித்தவன் இஷ்டம்.

அம்மாவுக்கு இதை விளக்கியபோது அவள் ஒரு நிமிடத்தில் புரிந்துகொண்டாள். "நம்ம நகச்சீட்டு மாதிரிதான? பதினோரு மாசம் கட்டு, பன்னெண்டாவது மாசம் நான் போடுதேங்கான். ஆனா அவன் கடையிலதான் எடுக்கணும், அவன் சொல்லுத செய்கூலி சேதாரத்துக்குத்தான் எடுக்கணும்." இதைவிட நன்றாக எங்கள் வகுப்பில் யாரும் சொல்லித் தரவில்லை. கேஷ்பேக் என்ன என்று கேட்டாள். காய்கறி வாங்கினால் அண்ணாச்சி ஒரு கொத்து கறிவேப்பிலை, கொத்தமல்லி போடுகிறாரே, அந்தக் கொசுறு மாதிரி என்றேன். அங்கேயே, அப்போதே, பையில் விழுந்துவிடும். "அப்ப கொசுறே வாங்கு" என்றாள்.

ஆனால் விஷயம் அவ்வளவு லேசாக முடியவில்லை.

முதலில் இந்தக் கொசுறும் சீட்டும் எங்கிருந்து வந்தன என்று கொஞ்சம் பார்த்தேன். அமெரிக்காவில் 1896-இலேயே எஸ் அண்ட் எச் என்ற கம்பெனி பச்சை ஸ்டாம்ப் விற்றது. கடைக்காரர்கள் அதை வாங்கி வாடிக்கையாளருக்குக் கொடுப்பார்கள், அவர்கள் ஒரு புத்தகத்தில் ஒட்டிச் சேர்த்து, பாத்திரம் பண்டம் என்று மாற்றிக்கொள்வார்கள். அப்பாவின் டைரிக்குப் பாட்டன் அந்தப் புத்தகம்தான். 1981-இல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் விமானப் பயணத்துக்கு மைல் கணக்கு ஆரம்பித்தது. கார்டில் செலவழித்தால் காசாகவே திருப்பித் தருகிறோம் என்று பெரிய அளவில் வந்தது 1986-இல், டிஸ்கவர் கார்டு. நம் நாட்டில் சென்ட்ரல் பேங்க் 1980-இல் சென்ட்ரல் கார்டு கொண்டுவந்தது. அதற்குப் பிறகு வெகுகாலம் இங்கே பாயின்ட்தான் ராஜா. கேஷ்பேக்கை முகப்பில் எழுதிக்கொண்டு வந்த கார்டுகள் பரவலானது கடந்த சில வருடங்களில்தான்: 2018-இல் அமேசான் பே ஐ.சி.ஐ.சி.ஐ., 2019-இல் ஃபிளிப்கார்ட் ஆக்சிஸ், 2022-இல் எஸ்.பி.ஐ. கேஷ்பேக் கார்டு.

இந்தக் காசை யார் கொடுக்கிறார்கள் என்று ஒரு கேள்வி வரவேண்டும். பேங்க் தன் கையிலிருந்தா கொடுக்கும்? எங்கள் சித்தப்பா பாளையங்கோட்டையில் எலெக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கிறார். கார்டு தேய்க்கிற மெஷினும் வைத்திருக்கிறார், ஆனால் அதைக் கல்லாவுக்கு அடியில் துணி போட்டு மூடி வைத்திருப்பார். ஒருநாள் கேட்டேன்.

"ஏன் சித்தப்பா, மெஷின் இருக்குன்னு போர்டு வைக்கலாம்லா?"

"வைக்கலாம். 2,000 ரூவா ஃபேனு விக்கேன். எனக்கு நிக்கதே நூத்தம்பது. கிரெடிட் கார்டத் தேச்சா அதுல நாப்பது ரூவா பேங்குக்காரன் எடுத்துக்கிடுதான். அந்த நாப்பதுல இருபது ஒங்களுக்குக் கேஷ்பேக். எங் கல்லாவுல இருந்து எடுத்து ஒனக்குக் குடுத்துட்டு, பேங்கு பேர் வாங்கிக்கிடுதான்."

எனக்கு அதற்கு மேல் பேச்சு வரவில்லை. யு.பி.ஐ. ஸ்கேன் பண்ணினால் 2020 ஜனவரியிலிருந்து கடைக்காரரிடம் ஒன்றும் பிடிப்பதில்லை என்பதால் சித்தப்பா அந்தச் சதுரத்தை மட்டும் பெரிதாக ஒட்டியிருக்கிறார். 2022 செப்டம்பரிலிருந்து ரூபே கிரெடிட் கார்டை யு.பி.ஐ.யில் இணைத்து அதே சதுரத்தை ஸ்கேன் பண்ணலாம் என்று வந்தது. சின்னக் கடைகளில் 2,000 ரூபாய் வரைக்கும் அதற்கும் கட்டணம் வேண்டாம் என்றார்கள். அதற்கு மேல் போனால் சித்தப்பா முகம் மாறிவிடும். "கார்டுன்னா ரெண்டு பர்சென்ட் சேத்துக் குடு" என்று வெளிப்படையாகவே சொல்லும் கடைகள் டவுனில் நிறைய உண்டு. அங்கே 1% கேஷ்பேக் கார்டை நீட்டினால் 1% நஷ்டம். இது எந்தக் கார்டு விளம்பரத்திலும் வராது.

சரி, நம் கணக்குக்கு வருவோம். அப்பாவின் வருடச் செலவில் கார்டில் போவது 1,08,000 ரூபாய். நண்பர்கள் எல்லாரும் தப்பு பண்ணுகிற இடம் இதுதான்: கார்டை முதலில் பார்க்கிறார்கள். வீட்டுச் செலவை முதலில் பிரித்து எழுத வேண்டும். நான் பிரித்தேன். ஆன்லைன் சாமான்கள் 36,000. பெட்ரோல் 24,000. எல்.ஐ.சி. 18,000. கரண்ட், போன் பில் 14,000. டவுனில் துணிமணி, சூப்பர் மார்க்கெட் 16,000. (மளிகை அண்ணாச்சி கடையில், பால், காய்கறி, மீன் எல்லாம் ரொக்கம் அல்லது யு.பி.ஐ. அதில் கார்டுக்கு வேலையே இல்லை. எங்கள் வீட்டுச் செலவில் பாதிக்கு மேல் அதுதான்.)

முதலில் 5% கார்டு. எஸ்.பி.ஐ. கேஷ்பேக் கார்டின் விதி ஆன்லைனுக்கு 5%, மற்றதுக்கு 1%. பெயரைக் கேட்டாலே வாய் ஊறும். 36,000-க்கு 1,800 ரூபாய். மற்ற 72,000-க்கு 720 ரூபாய் என்று எழுதிவிட்டு சந்தோஷப்பட்டேன். பிறகு பொடி எழுத்தைப் படித்தேன். பெட்ரோலுக்குக் கிடையாது. இன்ஷூரன்ஸுக்குக் கிடையாது. கரண்ட் பில் வகையறாவுக்குக் கிடையாது. பள்ளி, கல்லூரிக் கட்டணத்துக்குக் கிடையாது. நகைக்குக் கிடையாது. ரயில் டிக்கெட்டுக்கும் கிடையாது. ஒரு நடுத்தரக் குடும்பம் கட்டாயமாகச் செய்கிற செலவு எதுவோ அதையெல்லாம் தேடித் தேடி நீக்கியிருக்கிறார்கள். மிச்சம் 16,000-க்கு 160 ரூபாய். மொத்தம் 1,960. வருடக் கட்டணம் 999, ஜி.எஸ்.டி.யோடு 1,179. கையில் நிற்பது 781 ரூபாய். வருடம் இரண்டு லட்சம் செலவழித்தால் கட்டணம் வேண்டாம் என்கிறார்கள். 1,179 ரூபாயை மிச்சப்படுத்த 92,000 ரூபாய் கூடுதலாகச் செலவழிக்க எங்களிடம் எங்கே இருக்கிறது?

அடுத்தது கட்டணமே இல்லாத அமேசான் கார்டு. அவர்கள் கடையில் வாங்கினால் பிரைம் சந்தா உள்ளவர்களுக்கு 5%, இல்லாதவர்களுக்கு 3%, வெளியே 1%. எங்களிடம் பிரைம் இல்லை. 36,000-இல் 20,000 அங்கே வாங்குகிறோம் என்று வைத்தால் 600 ரூபாய். மற்ற ஆன்லைன் 16,000, டவுன் கடை 16,000, இரண்டுக்கும் 1% என்றால் 320. பெட்ரோல், இன்ஷூரன்ஸ், பில் மூன்றையும் கணக்கில் சேர்க்காமலே 920 ரூபாய்.

5% கார்டு 781. 1%, 3% என்று அடக்கமாக வந்த கார்டு 920. அப்பாவின் பழைய பாயின்ட் கார்டில் இதே செலவுக்கு 540 ரூபாய் பாயின்ட், அதில் கட்டணம் 589-உம் எடுக்கிற செலவு 117-உம் போனால் 166 ரூபாய் நஷ்டம். மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதியபோது எனக்கே சிரிப்பு வந்தது. (மாதம் 30,000, 40,000 ஆன்லைனில் வாங்குகிற பெங்களூர் நண்பர்களுக்கு இந்த வரிசை தலைகீழாக மாறும். நான் எங்கள் வீட்டுக்குத்தான் போட்டேன்.)

இதில் அப்பா ஒரு ஓட்டையைக் கண்டுபிடித்தார். "920 ரூவாயும் அவன் பேலன்ஸ்ல தான வருது? அதும் அந்தக் கடையிலயே தான செலவழிக்கணும்? இதும் நகச்சீட்டு தாம்ல." நியாயமான கேள்வி. கேஷ்பேக் என்று பெயர் வைத்ததெல்லாம் கேஷ் இல்லை. சிலது பில்லிலேயே கழியும். சிலது அவர்கள் பர்ஸில் போய் உட்காரும். சிலது 'கேஷ்பாயின்ட்' என்று பெயரை வைத்துக்கொண்டு பாயின்ட்டாகவே வரும், 500 சேர்ந்தால்தான் எடுக்கலாம் என்று நிபந்தனையோடு. அமேசான் பர்ஸில் வருவதை வைத்து கரண்ட் பில் கட்டலாம், போன் ரீசார்ஜ் செய்யலாம் என்று காட்டியபிறகுதான் அப்பா சமாதானம் ஆனார். கரண்ட் பில் கட்ட முடிந்தால் அது காசுதான் என்பது அவருடைய இலக்கணம். எனக்கும் அது பிடித்திருக்கிறது.

பாயின்ட் பக்கத்துக்கும் நியாயம் செய்ய வேண்டும். பாயின்ட் எப்போதும் ஏமாற்று இல்லை. விமானத்தில் போகிறவர்களுக்கு, பாயின்ட்டை மைலாக மாற்றத் தெரிந்தவர்களுக்கு, ஒரு பாயின்ட் ஒரு ரூபாய்க்கு மேலேயே பெறும். அவர்களைப் பார்த்துத்தான் எல்லாரும் ஆசைப்படுகிறார்கள். ஆனால் திருநெல்வேலிக்கு ஏர்போர்ட்டே கிடையாது, தூத்துக்குடி ரோட்டில் வாகைக்குளம் வரைக்கும் போக வேண்டும். எங்கள் அப்பா இதுவரை விமானத்தை வானத்தில்தான் பார்த்திருக்கிறார். அவருக்கு ஏர்போர்ட் லவுஞ்சில் இலவசச் சாப்பாடு என்று கார்டு விற்பது குறுக்குத்துறையில் குளிக்கிறவனுக்கு ஹீட்டர் விற்கிற கதை. அந்த விமானக்காரர்களுக்கும் நிம்மதி இல்லை என்பது வேறு விஷயம். ஆக்சிஸ் மேக்னஸ் கார்டில் 5 பாயின்ட்டுக்கு 4 மைல் என்று இருந்ததை 2023 செப்டம்பரில் 5-க்கு 2 என்று ஆக்கினார்கள். சேர்த்து வைத்திருந்த பாயின்ட் ஒரே நாளில் பாதி. நம் ஊரில் நெல்லை மூட்டையாக அடுக்கி வைத்திருப்பவனுக்கு விலை இறங்கினால் எப்படியோ அப்படி. கேஷ்பேக்கையும் குறைப்பார்கள், எஸ்.பி.ஐ. கார்டில் மாத உச்சவரம்பு 10,000 ரூபாய் என்று இருந்தது 2023 மே மாதம் 5,000 ஆனது. ஆனால் போன மாதம் பில்லில் கழிந்ததைத் திரும்பப் பிடுங்க முடியாது.

எங்களுக்குப் பொருந்தக்கூடிய பாயின்ட் கார்டு ஒன்று இருந்தது, ரயில் கார்டு. ஐ.ஆர்.சி.டி.சி. வெப்சைட்டில் ஏ.சி. டிக்கெட் எடுத்தால் 10% வரை பாயின்ட், ஒரு பாயின்ட் ஒரு ரூபாய், அதை வைத்து அடுத்த டிக்கெட் எடுக்கலாம். அக்கா சென்னையில் வேலை பார்க்கிறாள். வருடம் பத்து தடவை போக வர, டிக்கெட் 1,000 ரூபாய் என்று வைத்தால் 2,000 ரூபாய் பாயின்ட். கட்டணம் 590 போனாலும் 1,410 நிற்கும். இதுவரை பார்த்த எல்லாவற்றையும் இந்தப் பாயின்ட் கார்டு தோற்கடிக்கிறது. ஓடிப்போய்ச் சொன்னேன். அப்பா அமைதியாகக் கேட்டார், "அவ ஸ்லீப்பர்ல தான போறா?" ஸ்லீப்பருக்கு அந்த 10% கிடையாது. 2,000 ரூபாய் பாயின்ட்டுக்காக ஏ.சி.யில் போனால் டிக்கெட்டுக்கு ஆகிற கூடுதல் செலவு அதைப்போல் பல மடங்கு. 2023 செப்டம்பரில் வந்தே பாரத் வந்தபோது அது சேர் கார் என்பதால் பாயின்ட் உண்டு என்று அக்காவே ஒருமுறை சொன்னாள், ஆனால் அவளுக்கு ராத்திரி நெல்லை எக்ஸ்பிரஸில் தூங்கிக்கொண்டு வந்தால்தான் லீவு மிச்சம்.

பாயின்ட் எல்லாரும் எடுத்துவிட மாட்டார்கள் என்பது கம்பெனிகளுக்கு நன்றாகத் தெரியும். எங்கள் அக்கவுன்டிங் பாடத்திலேயே இருக்கிறது. கொடுத்த பாயின்ட், கம்பெனி கணக்கில் ஒரு கடன் பொறுப்பு. அதில் எவ்வளவு பேர் எடுக்காமலே விடுவார்கள் என்று மதிப்பிட்டு அந்த அளவுக்குக் குறைத்துக்கொள்ளலாம். 2018-இல் நடைமுறைக்கு வந்த இண்ட் ஏ.எஸ். 115 என்ற கணக்கியல் தரத்தில் அதற்கு வழி சொல்லியிருக்கிறது. செமஸ்டர் பரீட்சையில் இந்தக் கேள்விக்கு நான் நல்ல மார்க் வாங்கியிருந்தேன். 'எடுக்காமலே விடுகிறவர்கள்' என்று புத்தகத்தில் எழுதியிருப்பது கல்லிடைக்குறிச்சியில் டைரி எழுதுகிற எங்கள் அப்பாவைத்தான் என்று அப்போது தெரியவில்லை.

இதுவரை சொன்னதெல்லாம் நூறு, ஐந்நூறு ரூபாய் சமாச்சாரம். பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது, அதை எழுதாமல் விட்டால் பாவம். கல்யாணத்துக்குப் பட்டும் மற்ற ஜவுளியும் 40,000 ரூபாய்க்கு எடுக்க வேண்டும். அதைக் கார்டில் போட்டால் 1% என்று 400 ரூபாய் வரும் என்று நானே அப்பாவிடம் சொன்னேன். அப்போது எங்கள் பெரியப்பா மகன் வீட்டில் இருந்தான். அவன் சென்னையில் கைநிறைய சம்பளம் வாங்குகிறவன், மூன்று கார்டு வைத்திருக்கிறவன், விமானப் பாயின்ட் பற்றி எல்லாம் எனக்குச் சொல்லிக்கொடுத்தவனே அவன்தான். வெளியே கூட்டிப்போய், "ஒரேயடியா கட்ட முடியும்னா மட்டும் போடச் சொல்லு. மினிமம் டியூ கட்டிக்கிடலாம்னு மட்டும் நெனைக்க விட்டுராத" என்றான். அவன் அப்படி நினைத்தவன் என்பது முகத்திலேயே தெரிந்தது. எவ்வளவு என்று நான் கேட்கவில்லை.

வட்டி பல கார்டுகளில் மாதம் 3.5% முதல் 3.75% வரை இருக்கிறது. வருடத்துக்கு 42 முதல் 45%. கந்துவட்டி என்று நாம் யாரைத் திட்டுகிறோமோ அவர்கள் பக்கத்தில் உட்காரலாம். 30 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-இல் சொன்ன தீர்ப்பை உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பரில் ரத்து செய்துவிட்டது. 40,000 ரூபாய்க்கு ஒரு மாத வட்டி 1,400. அதற்கு ஜி.எஸ்.டி. 252. மொத்தம் 1,652. நான் ஒரு மாதம் உட்கார்ந்து, பொடி எழுத்தெல்லாம் படித்து, கண்டுபிடித்துக் கொடுத்த வருட லாபம் 920. ஒரே ஒரு மாதம் பாக்கி வைத்தால் அது முழுதும் போய், மேற்கொண்டு 732 ரூபாய் கையிலிருந்து போகும். அதோடு, பாக்கி இருக்கிற வரைக்கும் புதிதாக வாங்குகிற சாமானுக்கு வட்டியில்லாத நாட்களும் கிடையாது, அன்றைக்கே வட்டி ஓட ஆரம்பிக்கும். பாயின்ட்டா கேஷ்பேக்கா என்ற பட்டிமன்றமே முழுப் பில்லையும் கட்டுகிறவர்களுக்குத்தான். மற்றவர்கள் வட்டி கட்டித்தான் அந்த மேடைக்கே லைட் எரிகிறது.

அப்பாவிடம் தாளைக் காட்டினேன். ஜவுளிக்கு பி.எஃப்.பில் முன்பணம் போட்டிருக்கிறார், அது எந்தத் தேதி வரும் என்று உறுதியில்லை. "அப்ப கார்டு வேண்டாம்" என்றார். அவ்வளவு சீக்கிரம் அவர் எதையும் முடிவு செய்து நான் பார்த்ததில்லை.

பழைய கார்டை மூடச் சொன்னோம். 2022 ஜூலையிலிருந்து நடைமுறைக்கு வந்த ரிசர்வ் பேங்க் விதிப்படி, பாக்கி ஏதும் இல்லையென்றால், மூடச் சொல்லிக் கேட்ட ஏழு வேலை நாளுக்குள் மூட வேண்டும். தாமதித்தால் நாளொன்றுக்கு 500 ரூபாய் அவர்கள் நமக்குத் தர வேண்டும். அப்பா தேதி போட்டு எழுதி வைத்துக்கொண்டு தாமதம் ஆகாதா என்று ஆசையோடு காத்திருந்தார். ஐந்தாம் நாள் மெசேஜ் வந்துவிட்டது.

மூடுவதற்கு முன்னால் 6,480 பாயின்ட்டையும் எடுத்தோம். அதற்குள் ஒரு சண்டை. பரிசுப் பட்டியலில் ஒரு ஹாட் பாக்ஸ் செட் 6,400 பாயின்ட்டுக்கு இருந்தது. அம்மாவுக்கு அது வேண்டும். டவுனில் அதே செட் 1,100 ரூபாய். பாயின்ட் 17 பைசா ஆகிறது என்று நான் கத்தினேன். கடைசியில் பில்லில் கழித்து 1,503 ரூபாயாக வாங்கி, டவுனில் 1,100-க்கு ஹாட் பாக்ஸ் வாங்கினோம். அம்மாவுக்கு நான் ஏன் கத்தினேன் என்று இன்னும் புரியவில்லை, ஹாட் பாக்ஸ் வந்துவிட்டதே என்கிறாள்.

கட்டணமில்லாத கார்டு வந்துவிட்டது. முதல் மாதம் 43 ரூபாய். அப்பா அதே டைரியில் புதுப் பக்கம் திருப்பி, 'பாயின்ட்' என்று தலைப்புப் போடாமல் 'ரூ.' என்று போட்டு எழுதினார்.

போன ஞாயிற்றுக்கிழமை மிக்சி வாங்கப் போனோம், அப்பாவும் நானும். வண்ணார்பேட்டையில் ஒரு கடை. 4,200 ரூபாய். அப்பா கார்டை எடுத்து நீட்டினார். 42 ரூபாய் வரும் என்று அவருக்குத் தெரியும், எனக்கும் தெரியும். கடைக்காரர் கார்டைப் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, ரொக்கமாவோ ஜிபேலயோ தாங்க, நூத்தம்பது கொறச்சுக்கிடுதேன்" என்றார். அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். கார்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனை எடுத்தார்.

அத்தையிடம் மிக்சி பாயின்ட்டில் வாங்கியது என்றே சொல்லியிருக்கிறோம்.